போதகர் சீவரத்தினத்தின் முன் அனுபவம்

சமூகமளித்தோர்:

ஒலிவக்கிளைத் திருச்சபை ஒன்றியத்தின் தலைவர், அதி வணக்கத்துக்குரிய கலாநிதி அருமைநாயகம்.

ஒன்றியத்தின் செயலாளர்.

ஒன்றியத்தின் பொருளாளர் (கூட்டம் முழுவதும் கண்களை மூடியிருந்தார், ஜெபத்தில் இருந்ததாகக் கொள்ளப்பட்டது).

தலைமைத்துவ ஆலோசகர், கொழும்பு.

பரிசுத்த ஆவியானவர் (தொடக்க ஜெபத்தில் அழைக்கப்பட்டார், எப்போது எழுந்து போனார் என்று குறிக்கப்படவில்லை).

விண்ணப்பிக்காத விண்ணப்பதாரி, போதகர் சீவரத்தினம், கீரிக் கிராமம்.

சமூகமளிக்காதோர்: போதகரின் சபையார். அவர்களுக்கு அறிவிக்கப்படவில்லை.

கூட்டம் மன்னார் உப்புக்குளத்தில், ஒன்றியம் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டின் மேல்மாடியில் நடந்தது. யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. சீவரத்தினம் அங்கே போனது தகரம் கேட்க. கீரியில் அவர் ஊழியம் செய்த மண்டபத்தின் கூரை கடற்பக்கமாக ஒழுகத் தொடங்கியிருந்தது. மாரிக்கு முன்னர் கொஞ்சத் தகரம் கிடைத்தால் போதும் என்று ஆவணியிலேயே சொல்லி அனுப்பியிருந்தார். புரட்டாசி முடிவில் வரச் சொன்னார்கள். வந்தவரிடம் தகரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. ஒரு கதிரையைக் காட்டி இருக்கச் சொல்லிவிட்டு, அவருடைய கடந்தகால ஊழியத்தை விசாரிக்கத் தொடங்கினார்கள்.

ஆலோசகர் சுவரில் பெரிய வெள்ளைத்தாள் ஒன்றை ஒட்டி நடுவில் கோடு கிழித்திருந்தார். இடது பக்கத் தலைப்பு 'பட்டது'. வலது பக்கத் தலைப்பு 'பெற்றது'.

"பயப்படாதேங்கோ, பாஸ்டர்," என்றார் ஆலோசகர். "ஆண்டவர் ஒண்டையும் வீணாக்கிறேல்லை. நீங்கள் பட்டதெல்லாம் பயிற்சி. அதைக் கண்டுபிடிக்கிறதுதான் என்ர வேலை. சண்டை நேரம் நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

சீவரத்தினம் யோசித்தார். "நடந்தனாங்கள்," என்றார்.

ஆலோசகர் வலது பக்கத்தில் 'இலக்கை நோக்கிய பயணம்' என்று எழுதினார்.

"பங்கருக்குள்ள ஆராதனை வைச்சனீங்களோ?"

"ஓம். நிமிர ஏலாது. குனிஞ்சபடிதான். இடையில சத்தம் கேட்டா ஆமென் சொல்லி நிப்பாட்டிப்போடுவன்."

'நேர முகாமைத்துவம்.'

"பிறகு முகாமில?"

"வரிசையில நிண்டன்."

"எதுக்கு?"

"எல்லாத்துக்கும்."

'பல்துறை ஈடுபாடு.'

"அடக்க ஆராதனையள்?"

சீவரத்தினம் கைகளைத் தொடைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டார். "சில இடங்களில நிண்டு அடக்க ஏலாமப் போச்சு. விட்டிட்டு வந்தனாங்கள்."

ஆலோசகர் பேனையைச் சற்று நேரம் தூக்கிப் பிடித்திருந்தார். பிறகு 'துரித முடிவெடுத்தல்' என்று எழுதினார். செயலாளர் தலையசைத்து ஆமோதித்தார். தேநீர் வந்தது.

தேநீருக்குப் பிறகு தலைவர் முதல் தடவையாக வாய் திறந்தார். "ஒரு விசயம் எனக்கு விளங்கேல்லை, பாஸ்டர். பனையடிக்குடா எண்ட ஊரில இருந்து கடைசி மட்டும் ஒரே சனத்தை வைச்சிருந்தனீங்கள். போன இடமெல்லாம் அதுகள் உங்களுக்குப் பின்னால வந்திருக்கு. எப்பிடி நகர்த்தினனீங்கள்? பிரசங்கமோ, நோட்டீசோ?"

"நான் ஒண்டும் சொல்லுறேல்லை, ஐயா. எனக்குச் சொல்ல வாய் வராது. எழும்புங்கோ, இதையும் விட்டிட்டுப் போவம் எண்டு எத்தினை தரம் சொல்லுறது? ஆராதனை வைக்கிற இடத்தில ஒரு மரச்சிலுவை கொழுவியிருக்கும். வெளிக்கிட வேணும் எண்டு கண்டா அதைக் கழட்டிப் பெட்சீற்றால சுத்துவன். கண்ட ஆக்கள் சாமான் கட்டுவினம். அவையைப் பாத்து மற்ற ஆக்கள் கட்டுவினம்."

"கேள்வி கேக்கிறேல்லையோ?"

"எந்தப் பக்கம் எண்டு மட்டும் கேப்பினம்."

"நீங்கள் சொல்லுவீங்கள்."

"ஏதாவது ஒரு ஊரின்ர பேரைச் சொல்லுவன். எனக்கும் தெரியாது."

பொருளாளர் கண் திறந்தார். ஆலோசகர் தாளின் வலது பக்கத்தில் 'மௌனத் தலைமைத்துவம்' என்று பெரிய எழுத்தில் எழுதி, அடியில் இரண்டு கோடுகள் போட்டார்.

அந்தக் கோடுகள் சீவரத்தினத்துக்குப் பிடிக்கவில்லை. "ஐயா, வெளிக்கிட்ட எல்லாரும் வந்து சேரேல்லை," என்றார். "நான் கழட்டாம அங்கயே இருந்திருந்தா சில பேர் இண்டைக்கு இருந்திருப்பினம். நான் அதைத்தான் யோசிக்கிறனான்."

"தாழ்மை," என்றார் தலைவர், ஆலோசகரைப் பார்த்து. "அதையும் எழுதுங்கோ."

பிறகு எழுந்து நின்று உரையாற்றினார். "பாஸ்டர், உங்களுக்குக் கிடைச்சது ஒரு வதிவிடப் பயிற்சி. பணியாளர் எல்லாருக்கும் அந்தச் சிலாக்கியம் கிடைக்கிறேல்லை. நான் அந்த நேரம் கொழும்பில. எங்களுக்கு அங்க என்ன கிடைச்சது? கருத்தரங்கு. மத்தியான சாப்பாட்டோட கருத்தரங்கு. உங்களைப் பாத்து நான் பொறாமைப்படுறன் எண்டு சொன்னா நம்புவீங்களோ?"

சீவரத்தினம் நம்பினார். அதுதான் அவரைக் குழப்பியது.

அன்றே அவர் மன்னார்த் தீவக மேய்ப்புத் தலைமைக் கண்காணிப்பாளர் ஆக்கப்பட்டார். தலைமையிடம் கீரி மண்டபம். அது இனிமேல் மண்டபம் அல்ல, மேய்ப்பர் தலைமைத்துவ உயர்நிலையம். தீவிலும் பெருநிலத்திலும் உள்ள போதகர்கள் அங்கே தங்கிப் படிப்பார்கள். முதலாவது பாடநெறியின் பெயர் 'இடம்பெயர்ந்தோரை அரவணைத்தல்'. அதற்கு இடம் வேண்டும். அந்த இடத்தில் இடம்பெயர்ந்தோர் இருந்தார்கள்.

"அப்ப தகரம்?" என்று கேட்டார் சீவரத்தினம்.

"கூரை முழுக்க மாத்துவம், பாஸ்டர்," என்றார் செயலாளர். "உங்களுக்கு ஒரு அறையும் ஃபானும்."

சீவரத்தினம் சந்தோசப்பட்டார். படியிறங்கும்போதுதான் சந்தோசப்பட்டது பிழை என்று தெரிந்தது. ஆனால் ஏற்கெனவே சந்தோசப்பட்டாகிவிட்டது.

கீரி மண்டபத்தில் இருந்தவர்கள் பனையடிக்குடாச் சனம். அவர்களுடைய ஊர் இப்போது இராணுவ முகாம். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தால் தங்கள் தென்னைகளைப் பார்க்கலாம். அதற்குத் தடை இல்லை. மீள்குடியேற்றம் என்று பஸ்ஸில் ஏற்றி வந்து இறக்கியபோது ஊர் திறக்கவில்லை. ஊர் திறக்கும்வரை மண்டபத்தில் இருக்கட்டும் என்று சீவரத்தினம்தான் கூட்டி வந்தார். பழைய சீலைகளைக் கயிற்றில் போட்டு, மண்டபத்தை வீடுகளாகப் பிரித்திருந்தார்கள். பிரசங்க மேடைக்குப் பின்னால் ஒரு பாயில் சீவரத்தினம் படுத்தார். முன்னால் முதல் சீலைக்குள் மார்த்தா, அவளுடைய தம்பி சிங்கராசா, மகள் டினோஜா.

மார்த்தா கடற்கரையில் கருவாடு காயப்போடும் வேலைக்குப் போனாள். ஞாயிறு விடியக் கத்தோலிக்கக் கோயிலில் பூசை கண்டுவிட்டு, பிறகு வந்து போதகரின் ஆராதனையிலும் முன்வாங்கில் இருப்பாள். இரண்டும் ஒரே ஆளுக்குத்தானே போகிறது என்பது அவளுடைய முடிவு. சிங்கராசா கரைவலையில் கூலிக்குச் சேர்ந்து, இப்போதுதான் கீரிக்காரர் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள்.

கண்காணிப்பாளருக்கு முன்னதாகவே கண்காணிப்பாளரின் கதிரை ஓட்டோவில் வந்து சேர்ந்தது. சுழல்கதிரை. சிங்கராசா அதில் இருந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான்.

"பாஸ்டர், இதில இருந்தா எல்லாப் பக்கமும் தெரியுது," என்றான். "பிரசங்கம் பண்ணேக்க ஆர் நித்திரை எண்டு பாக்கலாம்."

"எழும்படா," என்றாள் மார்த்தா. "அவருக்கு இப்பத்தான் ஒரு கதிரை கிடைச்சிருக்கு." சீவரத்தினத்துக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். "என்ன பாஸ்டர், முகம் ஒரு மாதிரிக் கிடக்கு? பெரிய ஆளாக்கினவை எண்டு கேள்வி."

"மார்த்தா அக்கா," என்றார் சீவரத்தினம். "இந்த மண்டபம்..."

"ஓம், சொல்லுங்கோ."

"பெயின்ற் அடிக்கப் போயினம்."

"நல்லது. எங்கட பக்கத்துக்கு நீலம் அடிக்கச் சொல்லுங்கோ. டினோஜாவுக்கு நீலம் விருப்பம்."

சீவரத்தினம் சொல்லுகிறேன் என்றார். தேத்தண்ணியில் சீனி அதிகமாக இருந்தது. அவளுடைய பங்குச் சீனியையும் போட்டிருந்தாள் என்பது தெரிந்தது. அதைக் குடித்து முடிக்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது.

அடுத்த கிழமை புதிய கண்காணிப்பாளர்களுக்கான பயிற்சி. ஒரு விடுதியின் குளிரூட்டிய மண்டபத்தில் நடந்தது. பல மாவட்டங்களிலிருந்தும் போதகர்கள் வந்திருந்தார்கள். மத்தியானத்துக்கு முன் 'அனுபவ நடை' என்று ஒரு நிகழ்ச்சி. ஒவ்வொருவருக்கும் ஒரு தலையணை கொடுக்கப்பட்டது. அது அவரவர் உடைமை. மேசைகளுக்கு நிலம் தொடும் வெள்ளைத்துணி விரித்திருந்தார்கள், அவை பங்கர்கள். ஆலோசகர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு வாயால் ஷெல் சத்தம் எழுப்பினார். போதகர்கள் தலையணைகளோடு கம்பளத்தில் நடந்தார்கள். சிலர் சிரித்தார்கள். ஒருவர் உணர்ச்சிவசப்பட்டு அழுதார். அவருக்குக் கைதட்டு விழுந்தது.

சீவரத்தினம் முதல் சத்தத்திலேயே மேசைக்குக் கீழே போய்விட்டார். தேநீர் இடைவேளைவரை அவர் வெளியே வரவில்லை. துணியைத் தூக்கிப் பார்த்த ஆலோசகர், "பாஸ்டர், நீங்கள் குழுவாச் செயற்படேல்லை. அதோட நீங்கள் குனியிறது இயல்பா இல்லை," என்றார். முடிவில் சான்றிதழ் வழங்கப்பட்டது. சீவரத்தினத்தின் செயற்பாடு திருப்தியாக இல்லாவிட்டாலும், முன் அனுபவம் கருதிச் சித்தியடைந்ததாக அறிவித்தார்கள்.

மத்தியானச் சாப்பாட்டில் கோழி, இறால், கணவாய் எல்லாம் இருந்தன. சீவரத்தினத்துக்கு இறங்கவில்லை. கோழித்துண்டுகளைக் கடதாசியில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். மண்டபத்தில் பிரித்துக் கொடுத்தபோது சிங்கராசா ஒரு துண்டைக் கடித்துவிட்டுக் கண்ணை மூடினான்.

"பதவி ருசியாத்தான் இருக்கு, பாஸ்டர்," என்றான். "நெடுக இருங்கோ."

எல்லோரும் சிரித்தார்கள். சீவரத்தினமும் சிரித்தார். சிரித்ததற்காகவும் அன்று மேடைக்குப் பின்னால் முழங்காலில் நின்றார்.

ஐப்பசியில் வடக்கே வானம் கறுக்கத் தொடங்கியது. கூரையும் பெயின்றும் விழாவுக்குப் பிறகு என்று சொல்லி, திறப்புவிழாவுக்கு நாள் வைத்துவிட்டார்கள். சீவரத்தினம் வெள்ளைச் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு உப்புக்குளத்துக்குப் போனார். இந்தமுறை சொல்லுவது என்று முடிவெடுத்திருந்தார். படியேறும்போது இரண்டுதரம் சொல்லிப் பார்த்தும் இருந்தார்.

"ஐயா, மாரி கழியு மட்டும் அந்தச் சனம் இருக்கட்டும். அதுகளுக்கு வேற இடமில்லை. கடலை விட்டா வேற தொழிலும் தெரியாது. இப்பத்தான் கீரியில ஒரு நேரச் சோறு ஒழுங்காக் கிடைக்குது."

தலைவர் முழுவதையும் கேட்டார். நன்றாகக் கேட்பவர் அவர். அதற்கும் ஒரு பாடநெறி முடித்திருந்தார்.

"பாஸ்டர், ஆரும் ஆரையும் வெளியேற்றச் சொல்லேல்லை. அந்தச் சொல்லே எங்கட ஒன்றியத்தில இல்லை. அடுத்த ஆசீர்வாதத்துக்கு வழியனுப்பி வைக்கிறது எண்டுதான் நாங்கள் சொல்லுறது. அந்த வேதனை எனக்குத் தெரியாதெண்டு நினைக்கிறீங்களோ? நானும் இடம்பெயர்ந்தவன். கொழும்பு அலுவலகத்தை மூண்டுதரம் மாத்தினனாங்கள். அலுமாரியளை மாடியால இறக்கின பாடு எனக்குத்தான் தெரியும். ஒரு அலுமாரியின்ர கண்ணாடி உடைஞ்சு போச்சு. இண்டைக்கும் நினைச்சா எனக்கு மனம் தாங்காது."

"ஓம் ஐயா."

"ஒரு வழக்கறிஞரை வைச்சு நாங்கள் இதைச் செய்யலாம். ஆனா சத்தம் வரும். ஆராவது பேப்பருக்குச் சொல்லும். ஆராவது வெள்ளைக்காரன் வந்து படம் எடுப்பான். அதுக்குத்தானே உங்களைத் தெரிவு செய்தனாங்கள். இவ்வளவு அனுபவத்தை வைச்சுக்கொண்டு பாவிக்காம இருந்தா ஆண்டவருக்குக் கணக்குக் குடுக்க வேண்டி வரும்."

"எனக்குச் சொல்ல வாய் வராது, ஐயா."

"சொல்ல வேண்டாம்," என்றார் தலைவர். மிக மென்மையாகச் சொன்னார். "புதுச் சிலுவை ஒண்டு வருது. பித்தளை. முதல்நாள் பழசைக் கழட்டி வையுங்கோ. அவ்வளவுதான். சிலுவை மாத்திறது ஒரு பிழையே?"

சீவரத்தினம் இல்லை என்றார். சிலுவை மாற்றுவது பிழை இல்லை. யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்லுவார்கள். பஸ்ஸில் திரும்பி வரும்போது பக்கத்தில் இருந்த கிழவரிடம்கூடக் கேட்டார். "அது உங்கட விருப்பம், மோனை," என்றார் கிழவர்.

திறப்புவிழாவுக்கு முதல்நாள் காலை சீவரத்தினம் ஏணியைக் கொண்டுவந்து சுவரில் சாத்தினார். ஏணிக்கு ஒரு கால் கட்டை. மார்த்தா ஓடி வந்து பிடித்தாள்.

"ஒழுக்குப் பாக்கப் போறீங்களோ, பாஸ்டர்? கவனம். நான் பிடிச்சிருக்கிறன்."

அவர் ஏறினார். சிலுவை ஒரு ஆணியில் கொழுவியிருந்தது. இரண்டு கைகளாலும் தூக்கி எடுத்தார். ஏணி ஒருதரம் ஆடியது. பிறகு முன்னைவிட உறுதியாக நின்றது.

இறங்கி வந்தபோது மார்த்தா அங்கே இல்லை. சீலைக்குள் போய்த் தன்னுடைய பெட்சீற்றை உதறிக்கொண்டு வந்தாள். ஒன்றும் கேட்காமல் அவருடைய கையிலிருந்த சிலுவையை வாங்கிச் சுற்றினாள். மூலைகளை முடிந்தாள். முதலாவது சீலைக்குப் பின்னால் பானையும் மூடியும் முட்டும் சத்தம் கேட்டது. பிறகு இரண்டாவது சீலைக்குப் பின்னால். பிறகு மண்டபம் முழுவதும்.

"சண்டை முடிஞ்சுதெண்டெல்லோ சொன்னவை," என்றான் சிங்கராசா. "இப்ப என்னத்துக்கு?"

"அவர் கழட்டினா ஏதோ அறிஞ்சிருப்பார். நீ கதைச்சு மினக்கெடாம வலையைச் சுத்து," என்றாள் மார்த்தா.

சீவரத்தினம் வாயைத் திறந்தார். சொல்ல வேண்டியது சின்ன வசனம்தான். புதுச் சிலுவை வருது, அதுக்குத்தான் கழட்டினனான். அந்த வசனம் தொண்டைவரை வந்தது. அங்கே நின்று மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தது. கயிறுகளிலிருந்து சீலைகள் ஒவ்வொன்றாக இறங்குவதைப் பார்த்தது. பிறகு வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

"எந்தப் பக்கம், பாஸ்டர்?" என்று கேட்டாள் மார்த்தா.

"முருங்கன்," என்றார் சீவரத்தினம். அந்தப் பெயர் ஏன் வந்தது என்று அவருக்குத் தெரியாது. போனமுறை பஸ் நிலையத்தில் யாராவது அந்த இடத்துக்கு டிக்கற் கேட்டிருக்கலாம்.

"முருங்கனில கடல் எங்க கிடக்கு?" என்றான் சிங்கராசா. "வயலுக்குள்ள வலை போட்டா நெல்லு படுமோ?"

"உயிர் கிடந்தாப் பிறகு கடலைப் பாப்பம்," என்றாள் மார்த்தா.

பழக்கப்பட்ட சனம். மத்தியானத்துக்குள் கட்டி முடித்துவிட்டார்கள். சீலைகள் கட்டிய கயிறுகளையும் அவிழ்த்துச் சுருட்டினார்கள். அடுப்புக் கற்களை வெளியே போட்டுவிட்டு, டினோஜா மண்டபத்தைக் கூட்டினாள். விட்டுப்போகிற இடத்தைக் கூட்டாமல் போனதில்லை. சிங்கராசா உப்புக்குளத்து ஹலீமின் ட்ரக்டரை இழுவைப் பெட்டியோடு கூட்டிக்கொண்டு வந்தான். ஹலீம், மன்னார் முஸ்லிம்கள் துரத்தப்பட்டபோது போய்ப் புத்தளத்து அகதி முகாமில் வளர்ந்து, சண்டைக்குப் பிறகு ஊர் திரும்பியவர். சாமான்கள் ஏறுவதை இருக்கையில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கட சனம் தொண்ணூறில வெளிக்கிடேக்க எந்தப் பக்கம் எண்டு சொல்ல ஒரு ஆளும் இருக்கயில்ல," என்றார் ஹலீம். "உங்களுக்குப் பாஸ்டர் இருக்கிறார். குடுத்து வைச்ச ஆக்கள்."

"அதுதான், ஹலீம் நானா," என்றாள் மார்த்தா. பெட்சீற்றில் சுற்றிய சிலுவையைப் பெட்டியின் முன்பக்கத்தில், பாய்களுக்கு மேல் பத்திரமாக வைத்தாள். ட்ரக்டரின் சக்கரத்துக்கு மேலுள்ள மட்காட்டில் ஒரு சாக்கை நாலாக மடித்துப் போட்டாள். அது போதகருக்கு.

அந்த நேரம், மறுநாள் விழாவுக்கு ஆயத்தம் செய்ய ஒன்றியத்தின் வான் வந்து நின்றது. தலைவர், செயலாளர், ஆலோசகர் மூவரும் இறங்கினார்கள். பித்தளைச் சிலுவையும், துணிப்பதாகையும், படம் பிடிக்கும் ஆள் ஒருவரும் இறங்கினர். பொருளாளர் வானுக்குள்ளேயே ஜெபத்தில் இருந்தார். தலைவர் ட்ரக்டரைப் பார்த்தார். சுத்தமாகக் கூட்டிய மண்டபத்தைப் பார்த்தார். நெஞ்சில் கை வைத்தார்.

"ஒரு சத்தமில்லை," என்று ஆலோசகரிடம் சொன்னார். "ஒரு பொலிஸ் இல்லை, ஒரு வழக்கு இல்லை. கூட்டியும் குடுத்திட்டுப் போகுதுகள். நாங்கள் காசு குடுத்து ஆள் பிடிச்சாலும் இப்பிடி வராது. இதைத்தான் அனுபவம் எண்டு சொல்லுறது. நீங்கள் இதை ஒரு பாடமாவே வைக்க வேணும்."

"முதல் பாடமா வைக்கலாம்," என்றார் ஆலோசகர்.

தலைவர் பெட்டியில் இருந்தவர்களுக்கு நேரே கையை உயர்த்தி ஆசீர்வதித்தார். வழியனுப்பப் பெரியவர் வந்திருக்கிறார் என்று நினைத்து, பெட்டியில் இருந்தவர்கள் எழுந்து நின்று தலைகுனிந்தார்கள். படம் பிடிப்பவர் அதைப் படம் பிடித்தார். அந்தப் படம் பிறகு ஒன்றியத்தின் நாட்காட்டியில் கார்த்திகை மாதத்துக்குப் போடப்பட்டது.

உள்ளே பித்தளைச் சிலுவையைப் பழைய ஆணியிலேயே கொழுவினார்கள். அதற்குக் கீழே பதாகை கட்டினார்கள். ஒத்திகையாகச் சீவரத்தினத்தைச் சுழல்கதிரையில் இருத்தி மாலை போட்டார்கள். வெளியே ட்ரக்டர் இயந்திரம் ஓடிக்கொண்டே நின்றது. மழை துமிக்கத் தொடங்கியது. ஹலீம் ஹோர்ன் அடித்தார்.

மார்த்தா பெட்டியிலிருந்து இறங்கி வந்து வாசலில் நின்றாள்.

"பாஸ்டர், வாங்கோவன். மழை பிடிக்கப் போகுது. உங்களுக்குத்தான் நிக்கிறம்."

சீவரத்தினம் எழுந்து வாசலுக்குப் போனார். மாலையைக் கழற்ற மறந்துவிட்டார்.

"நீங்கள் போங்கோ, அக்கா. நான் பின்னால வாறன்."

"பின்னால எதில? எல்லா இடத்துக்கும் முன்னுக்கு நடந்த ஆள் நீங்கள்."

மார்த்தா அவருடைய தோளுக்கு மேலால் உள்ளே பார்த்தாள். சிலுவை மினுங்கியது. அதன் கீழே 'இடம்பெயர்ந்தோரை அரவணைத்தல்' என்று எழுதியிருந்தது. அவளுக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். முழுவதையும் வாசித்து முடித்தாள்.

"இஞ்ச சண்டை ஒண்டும் வரேல்லை, என்ன?" என்றாள்.

"இல்லை, அக்கா."

"வாயால ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்."

"வாய் வரேல்லை."

"சொன்னா, நாங்கள் ஏலாது எண்டிருப்பம்," என்றாள் மார்த்தா. "அதாலதான் வரேல்லை."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். ஆனால் வெறும் மண்டபத்தில் எல்லாச் சத்தமும் கேட்டது.

"ஆர் அந்த அம்மா, பாஸ்டர்?" என்று தலைவர் உள்ளே இருந்து கேட்டார். "சபையைச் சேர்ந்தவவோ? ஏதும் பிரச்சினையோ?"

"இல்லை, ஐயா," என்றார் சீவரத்தினம். இந்தமுறை வாய் உடனே வந்தது. "முருங்கனுக்கு வழி கேட்டு வந்தவ."

மார்த்தா அவருடைய முகத்தைப் பார்த்தாள். பனையடிக்குடாவிலிருந்து பார்த்து வந்த முகம். அதில் எதையோ தேடி, கிடைக்காமல் விட்டுவிட்டதுபோல் பார்வையை எடுத்தாள்.

"ஓம் ஐயா," என்று உள்ளே பார்த்துச் சொன்னாள். "வழி கேக்கத்தான் வந்தனான். பாஸ்டர் காட்டிப்போட்டார்."

"நல்லது, நல்லது. கர்த்தர் நடத்துவார்," என்றார் தலைவர்.

"கதவைச் சாத்துங்கோ, பாஸ்டர்," என்றார் செயலாளர். "தூவானம் பதாகையில அடிக்குது."

மார்த்தா சீலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு திரும்பினாள். அவள் கடைசிப் படியையும் இறங்கும்வரை சீவரத்தினம் பொறுத்திருந்தார். பிறகு கதவைச் சாத்தித் திறப்பைத் திருப்பிப் பூட்டினார்.